மென்பொருள் இலவசம், பெயர் மட்டும் இல்லையா? போர்டை மாற்றச் சொல்லி மின்னஞ்சல் வந்திருக்கிறது

கெடிலக்கரை | மஞ்சக்குப்பம் | வெள்ளி, இரவு 10.12

நண்பர்களே, ஒரு சிக்கல். நான்கு ஆண்டுகளாக மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடியறையில் கணினிப் பயிற்சி மையம் நடத்துகிறேன். எட்டுக் கணினி, எட்டிலும் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளம். ஃப்ளெக்ஸ் டிசைன், கல்யாணப் பத்திரிகை, யூடியூப் முகப்புப் படம் என்று பிழைப்புக்கு உதவுகிற வேலைகளைக் கட்டற்ற மென்பொருளிலேயே (யாரும் நகலெடுத்து மாற்றிக்கொள்ளலாம்) சொல்லித்தருகிறேன். திருட்டு நகல் ஒன்றுகூடக் கிடையாது. ஊரில் இப்படிச் சொல்லிக்கொள்ள எத்தனை மையத்துக்கு முடியும் என்று பாருங்கள்.

போன வாரம் ஒரு மின்னஞ்சல் வந்தது. நான் முக்கியமாக நடத்தும் வரைகலை மென்பொருளை உருவாக்கும் குழுவிடமிருந்து. எந்தக் குழு என்று கேட்காதீர்கள். மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார்கள், பொதுவில் இழுத்துவிட மனமில்லை. விஷயம் இதுதான்: மையத்தின் பெயரிலேயே அவர்கள் பெயர் இருக்கிறதாம், இணைய முகவரியிலும் இருக்கிறதாம். அவர்கள் சின்னத்தை நான் மாற்றி என் சின்னத்தோடு ஒட்டவைத்திருக்கிறேனாம். "அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையம்" என்று போட்டிருப்பது தவறாம், அவர்கள் யாருக்கும் அங்கீகாரம் கொடுப்பதே இல்லையாம். முப்பது நாளுக்குள் சரிசெய்தால் நன்றாக இருக்கும் என்கிறார்கள்.

எட்டுக்கு நாலு லைட் போர்டு, ரசீதுப் புத்தகம், விசிட்டிங் கார்டு, இன்னும் கட்டுப் பிரிக்காத ஐந்நூறு நோட்டீஸ் எல்லாம் இருக்கிறது. அந்த மென்பொருளின் ஜி.பி.எல். உரிமத்தில் நகலெடு, மாற்று, விற்றுக்கொள் என்று எல்லாவற்றுக்கும் அனுமதி கொடுத்துவிட்டு, பெயரை மட்டும் தொடாதே என்றால் என்ன நியாயம்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


உப்பங்கழி | வெள்ளி, இரவு 10.20

முதலில் போர்டு படத்தைப் போடுங்கள். அப்புறம் நியாயம் பேசலாம்.


கெடிலக்கரை | வெள்ளி, இரவு 10.41

படத்தில் மைய முகவரி தெரிகிறது, அதனால் எழுதியே சொல்லிவிடுகிறேன். மேலே அந்த மென்பொருளின் பெயர் பெரிய எழுத்தில், அதை ஒட்டி "அகாடமி, கடலூர்". இடப்பக்கம் அவர்கள் சின்னம். அதன் தலையில் பட்டமளிப்பு விழாத் தொப்பி ஒன்றை மாட்டியிருக்கிறேன். (பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்த தொப்பி அது.) கீழே "அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையம்". பெயர் முடிகிற இடத்தில் வட்டத்துக்குள் ஆர் குறி. அது சும்மா அழகுக்கு.


உப்பங்கழி | வெள்ளி, இரவு 10.43

தொப்பியை நான் மன்னிப்பேன். அந்த வட்ட ஆர் கொஞ்சம் கஷ்டம்.


லாஸ்பேட்டை_ரூட் | புதுச்சேரி | வெள்ளி, இரவு 11.30

தோழர், நீங்கள் தடுமாறுவது எல்லோரும் தடுமாறுகிற இடம்தான். நிரலுக்கு இருப்பது பதிப்புரிமை. ஜி.பி.எல். என்பது அந்தப் பதிப்புரிமையில் நமக்குக் கொடுக்கப்பட்ட அனுமதி. பெயரும் சின்னமும் டிரேட்மார்க், அதாவது வணிகக் குறி. சட்டமே வேறு. ஒரு வீட்டை வாடகைக்கு விட்டால் வாசலில் இருக்கிற குடும்பப் பெயர்ப் பலகையும் சேர்ந்து வருமா என்ன?

சில உரிமங்கள் இதை வெளிப்படையாகவே எழுதியிருக்கின்றன. அப்பாச்சி 2.0 உரிமத்தின் 6-ஆம் பிரிவு, டிரேட்மார்க்கைப் பயன்படுத்த இந்த உரிமம் அனுமதி தரவில்லை என்கிறது. மென்பொருள் எங்கிருந்து வந்தது என்று சொல்வதற்கு வழக்கமாக எந்த அளவுக்குத் தேவையோ அந்த அளவுக்குப் பெயரைச் சொல்லிக்கொள்ளலாம். ஜி.பி.எல். மூன்றாம் பதிப்பின் 7-ஆம் பிரிவில், டிரேட்மார்க் உரிமை தர மறுக்கும் வரியை எழுதியவரே சேர்த்துக்கொள்ள இடம் இருக்கிறது. மூன்று நிபந்தனை உள்ள பி.எஸ்.டி. உரிமத்தின் மூன்றாவது நிபந்தனை, எங்கள் பெயரைச் சொல்லி உன் சரக்குக்கு நற்சான்று தேடாதே என்பதுதான்.

ஏன் இவ்வளவு கறார்? சென்னையில் எந்தத் தள்ளுவண்டியைப் பார்த்தாலும் "பண்ருட்டி பலா" என்றுதான் எழுதியிருக்கும். வாங்கிப்போய் வெட்டினால் சக்கை. கெட்ட பெயர் யாருக்கு? வண்டிக்காரருக்கு இல்லை, பண்ருட்டிக்கு. மென்பொருளிலும் இது நடந்திருக்கிறது. கிம்ப் என்ற பட மென்பொருளின் குழு 2013-இல் சோர்ஸ்ஃபோர்ஜ் என்ற பதிவிறக்கத் தளத்தை விட்டு விலகியது. 2015-இல் அந்தத் தளம் கிம்ப்பின் விண்டோஸ் பக்கத்தைத் தானே எடுத்துக்கொண்டு, நிறுவியோடு விளம்பரச் சரக்கையும் சேர்த்துக் கொடுத்தது. நிரலை நகலெடுத்தது உரிமப்படி சரி. அந்தப் பெயரை நம்பிப் பதிவிறக்கியவன்தான் ஏமாந்தான்.

உங்கள் மையத்தில் ஒரு பெண் மூன்று மாதம் படித்துச் சான்றிதழ் வாங்குகிறாள். அதை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிற இடத்தில் "இது அந்தக் குழுவே கொடுத்ததா?" என்று கேட்டால் என்ன சொல்வாள்? அவர்கள் பயப்படுவது இதற்குத்தான்.


பழையபிளாப்பி | முதலியார்பேட்டை | சனி, காலை 6.15

ரூட் தம்பி சொல்வது பாதிதான் உண்மை. மீதியை நான் சொல்கிறேன். இருபது வருடத்துக்கு மேலாக இந்தக் கூத்தைப் பார்க்கிறேன்.

2006-இல் என்ன நடந்தது? டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பைச் செய்கிறவர்கள் ஃபயர்பாக்ஸ் உலாவியில் பாதுகாப்புத் திருத்தங்களைத் தாங்களே சேர்த்து வெளியிட்டார்கள். சின்னத்தின் உரிமம் கட்டற்றதாக இல்லை என்பதால் அந்தப் படத்தையும் எடுத்துவிட்டார்கள். பெயரை வைத்தால் எங்கள் படத்தையும் வை, திருத்தங்களை எங்களிடம் காட்டி ஒப்புதல் வாங்கு என்றது ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லா. டெபியன் பெயரையே தூக்கிப் போட்டுவிட்டு "ஐஸ்வீசல்" என்று வைத்துக்கொண்டது. அதே உலாவி, அதே நிரல். எங்கள் அலுவலகத்தில் "ஃபயர்பாக்ஸ் எங்கே சார்?" என்று கேட்காத ஆள் இல்லை. பத்து வருடம் கழித்து 2016-இல் சமாதானமாகிப் பழைய பெயர் திரும்பியது. நடுவில் பத்து வருடக் குழப்பம் யாருக்கு? பயனருக்கு. பயனர் குழம்பக் கூடாது என்றுதானே டிரேட்மார்க்?

2023 ஏப்ரலில் ரஸ்ட் என்ற நிரலாக்க மொழியின் அறக்கட்டளை ஒரு டிரேட்மார்க் கொள்கை வரைவு விட்டது. ரஸ்ட் பெயரில் மாநாடு நடத்துவதென்றால் அங்கே துப்பாக்கி கொண்டுவரத் தடை இருக்க வேண்டும் என்றுகூட அதில் இருந்தது. நிரலாக்க மொழிக்கும் துப்பாக்கிக்கும் என்னப்பா சம்பந்தம்? ஆட்கள் கொதித்துப்போய், அதே நிரலை எடுத்து "கிராப்" என்று ஒரு கிளையே தொடங்கிவிட்டார்கள். அறக்கட்டளை மன்னிப்புக் கேட்டுவிட்டு வரைவைத் திரும்பவும் எழுத உட்கார்ந்தது.

அதற்கு முந்தைய வருடம் கிட்டீ, நிரல்களைச் சேமித்துப் பகிரும் மென்பொருள். பெயரும் இணைய முகவரியும் ஒரு கம்பெனி கைக்குப் போய்விட்டதைப் பங்களித்தவர்கள் பிறகுதான் தெரிந்துகொண்டார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் ஃபோர்ஜெயோ. நிரலை எடுத்துக்கொண்டு வெளியேற முடிந்தது, பெயரை எடுத்துக்கொண்டு வெளியேற முடியவில்லை. நம்மை மாதிரி ஆட்கள் ஊர் ஊராகப் போய்ப் பேசித்தான் இந்தப் பெயர்களுக்கு மதிப்பு வந்தது. கடலூரில் அந்த மென்பொருளை நாலு பேருக்குத் தெரியவைத்ததே கெடிலக்கரைதான். அவருக்கு நன்றிக் கடிதம் வந்திருக்க வேண்டும்.


லாஸ்பேட்டை_ரூட் | சனி, காலை 8.02

அண்ணே, கிட்டீ விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். பெயர் யார் கையில் இருக்கிறது என்பதைப் பங்களிக்கும் முன்பே பார்க்க வேண்டும். ஆனால் யாருமே பதியாமல் விட்டால் என்ன ஆகும்? "லினக்ஸ்" என்ற பெயரை அமெரிக்காவில் முதலில் பதிந்தவர் அதை உருவாக்கிய டோர்வால்ட்ஸ் இல்லை. சம்பந்தமே இல்லாத ஒருவர் பதிந்துவைத்துக்கொண்டு, லினக்ஸ் கம்பெனிகளிடம் பங்கு கேட்டுக் கடிதம் அனுப்பினார். வழக்காகி, 1997-இல்தான் அது டோர்வால்ட்ஸ் பெயருக்கு மாறியது. 2014-இல் குரூப்பான் என்ற தள்ளுபடிக் கூப்பன் கம்பெனி கடைகளுக்கு ஒரு டேப்லெட் கொண்டுவந்து அதற்கு "க்னோம்" என்று பெயர் வைத்து 28 டிரேட்மார்க் விண்ணப்பம் போட்டது. அதே பெயரில் லினக்ஸ் திரைமுகப்பை உருவாக்கும் க்னோம் அறக்கட்டளை ஊரெல்லாம் நன்கொடை திரட்டத் தொடங்கியதும்தான் பின்வாங்கினார்கள். அன்றைக்குப் பதிவு மட்டும் இல்லை என்றால் எதை வைத்து நின்றிருப்பார்கள்?


பழையபிளாப்பி | சனி, காலை 8.20

ஒப்புக்கொள்கிறேன். கத்தி வேண்டும். அதை யார் மேல் நீட்டுகிறார்கள் என்பதுதான் என் கேள்வி. குரூப்பானும் மஞ்சக்குப்பம் மாடியறையும் ஒன்றா?


உப்பங்கழி | சனி, காலை 8.31

புதுச்சேரி நேரு வீதியில் "ஆரோ" என்று தொடங்காத கடையை எண்ணிச் சொல்பவருக்கு ஒரு டீ. பெயரை ஒட்டிப் பிழைப்பதில் நம்ம ஊருக்குப் பாடம் எடுக்க யாருக்கும் தகுதியில்லை.


கறுப்புக்கோட்டு | புதுச்சேரி | சனி, காலை 11.05

இந்த வேலையில் இருப்பவள் என்ற முறையில் கொஞ்சம் சட்டம். இது பொதுவான விளக்கம்தான். கடிதத்தைப் பார்க்காமல் ஆலோசனை சொல்ல மாட்டேன்.

நமக்கு வணிகக் குறிகள் சட்டம், 1999. தமிழ்நாடு, புதுச்சேரி இரண்டுக்கும் பதிவகம் சென்னை கிண்டியில். பதிவு பத்து வருடத்துக்கு நிற்கும், புதுப்பித்துக்கொண்டே போகலாம். சரக்குக்கும் சேவைக்கும் வகுப்பு வகுப்பாகப் பதிவு: மென்பொருள் 9, சட்டை துணி 25, பயிற்சி 41, மென்பொருள் சேவை 42. கெடிலக்கரை முதலில் செய்ய வேண்டியது, பதிவகத் தளத்தில் அந்தப் பெயரை 9, 41 இரண்டிலும் தேடிப் பார்ப்பது. தேடக் கட்டணம் இல்லை.

இங்கே பதிவு இல்லை என்றால் தப்பித்தோம் என்று அர்த்தமில்லை. பதியாத பெயருக்கும் நற்பெயர் இருந்தால், தன் சரக்கைப் பிறர் சரக்குபோல் காட்டுவதற்கு எதிராக வழக்குப் போடலாம். அதே சமயம், வெளிநாட்டில் பிரபலம் என்பது மட்டும் இங்கே போதாது. 2017-இல் பிரியஸ் என்ற கார்ப் பெயர் வழக்கில் உச்ச நீதிமன்றம் டொயோட்டாவிடம் கேட்டது இதுதான்: அந்தக் காலத்தில் இந்தியாவில் உன் பெயருக்கு மதிப்பு இருந்ததா, காட்டு. டொயோட்டாவால் காட்ட முடியவில்லை.

பிளாப்பி சார் கேட்ட நியாயத்துக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. 30-ஆம் பிரிவின்படி, நேர்மையான தொழில் வழக்கப்படி, தேவையான அளவுக்குப் பிறர் பெயரைச் சொல்லலாம். "இங்கே இன்ன மென்பொருள் கற்றுத்தரப்படும்" என்று எழுதாமல் எப்படித்தான் பாடம் நடத்துவது? அதை யாரும் தடுக்க முடியாது. சிக்கல் எப்போது என்றால், அந்தப் பெயர் நீங்கள் நடத்தும் பாடத்தைச் சொல்வதிலிருந்து நகர்ந்து நீங்கள் யார் என்பதையே சொல்ல ஆரம்பிக்கும்போது. "அகாடமி" என்று ஒட்டியதும் அது நகர்ந்துவிட்டது.

எழுத்தளவும் முக்கியம். டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு குக்கர் கேஸ்கட் வழக்கு. கேஸ்கட் உறையில் "ஹாக்கின்ஸ் பிரஷர் குக்கருக்கு ஏற்றது" என்று இன்னொரு கம்பெனி அச்சிட்டு விற்றது. தனி நீதிபதி பரவாயில்லை என்றார். 2012-இல் டிவிஷன் பெஞ்ச் அதை மாற்றியது. அந்தக் கேஸ்கட் எல்லாக் குக்கருக்கும் பொருந்தும்போது ஒரு பெயரை மட்டும் எடுப்பாகப் போட என்ன அவசியம் என்பதுதான் காரணம். உங்கள் போர்டில் எது பெரிசு, எது சின்னது என்று தள்ளி நின்று பாருங்கள்.

கடைசியாக, அந்த வட்ட ஆர். பதியாத குறியைப் பதிந்ததாகக் காட்டுவதை 107-ஆம் பிரிவு தடுக்கிறது. முப்பது நாள் காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே ஏணி போட்டு ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள்.


கெடிலக்கரை | சனி, பகல் 1.10

ஒட்டிவிட்டேன் மேடம். சைக்கிள் கடையில் வாங்கிய கறுப்பு டேப். தேடிப் பார்த்ததில் பெயர் 9-இல் இருக்கிறது.

ஒரு சந்தேகம். போர்டில் பெயரைத் தமிழ் எழுத்தில் மட்டும் எழுதினால் என்ன? அவர்கள் பதிந்திருப்பது ஆங்கில எழுத்துதானே.


கறுப்புக்கோட்டு | சனி, பகல் 1.36

எல்லோரும் கேட்கிற கேள்வி. தப்பிக்க முடியாது. 29-ஆம் பிரிவின் 9-ஆம் உட்பிரிவு, சொல்லை வாயால் சொல்லிப் பயன்படுத்துவதுகூட மீறலாகலாம் என்கிறது. ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னாலும் கணக்கில் வரும். தமிழில் எழுதினால் ஒலி மாறிவிடுமா?


மொழிபெயர்ப்பி | கடலூர் ஓ.டி. | சனி, மாலை 4.50

தமிழ் எழுத்து என்றதும் நான் ஓடி வந்துவிட்டேன். இது என் புண்.

மென்பொருள் இடைமுகத்தைத் தமிழாக்குகிறோம் இல்லையா, அங்கே மொசில்லா விதி என்ன தெரியுமா? பெயரை மொழிபெயர்க்கக் கூடாது. வேறு எழுத்திலும் எழுதக் கூடாது. கூடுமானவரை வேற்றுமை உருபும் சேர்க்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்றாவதைத்தான் தமிழில் எப்படிச் செய்வது என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறேன். "ஃபயர்பாக்ஸை மூடு" என்று எழுத ஒரு நொடி. விதிப்படி போனால் ஆங்கில எழுத்தில் பெயர், பக்கத்தில் ஒரு சிறு கோடு, கோட்டுக்கு அப்புறம் தனியாகத் தொங்கும் ஒரு "ஐ". தண்டவாளத்தில் கழன்றுபோன பெட்டி மாதிரி. அதைத் தவிர்க்க "உலாவியை" என்று ஒரு சொல்லைப் பின்னால் சேர்த்து உருபை அதன் தலையில் கட்டுவோம். சரி, அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பொத்தானில் இடம் போதாது.

பெயருக்குப் பின்னால் எப்போதும் "மென்பொருள்", "உலாவி" என்று ஒரு பொதுச்சொல் வர வேண்டும் என்று பல திட்டங்கள் கேட்பதும் இதே காரணத்தால்தான். பெயர் பெயராகவே நிற்க வேண்டும், பொருளாகிவிடக் கூடாது. நம்ம ஊரில் "ஜெராக்ஸ்" என்ன ஆனது பாருங்கள். எந்தக் கம்பெனி இயந்திரமாக இருந்தாலும் "இரண்டு ஜெராக்ஸ் எடுங்க" என்றுதான் கேட்கிறோம், கடைக்குப் பெயரே ஜெராக்ஸ் கடை. அந்தக் கம்பெனிக்காரர் திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினால் அழுதுவிடுவார்.


உப்பங்கழி | சனி, மாலை 4.58

அழுதுவிட்டு, டிக்கெட்டை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு திரும்பிப் போவார்.


அச்சுமை | வில்லியனூர் | சனி, இரவு 8.15

ஃப்ளெக்ஸும் டி-சர்ட்டும் போடுகிறவன் நான். செப்டம்பரில் மென்பொருள் விடுதலை நாள் வந்தால் கல்லூரிப் பிள்ளைகள் பத்து இருபது சட்டைக்கு வருவார்கள். லினக்ஸ் பென்குயின், டெபியன் சுருள், ஃபயர்பாக்ஸ் நரி, எல்லாம் ஒரே சட்டையில் வேண்டும் என்பார்கள். இதுவரை ஒரு யோசனையும் இல்லாமல் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது பயமாக இருக்கிறது. எங்கள் ஊர் சுடுமண் பொம்மைக்குப் புவிசார் குறியீடு வாங்கி வைத்திருக்கிறோம், பக்கத்தில் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்கும் இருக்கிறது. வேறு ஊரில் செய்ததை வில்லியனூர் பொம்மை என்று விற்றால் எனக்குக் கோபம் வருகிறது. அப்படியிருக்க அடுத்தவர் சின்னத்தை நான் அச்சடிப்பது எந்த ஊர் நியாயம்?


லாஸ்பேட்டை_ரூட் | சனி, இரவு 9.00

பயப்படாதீர்கள் அண்ணா. திட்டத்துக்குத் திட்டம் விதி வேறு, அதனால் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

டக்ஸ் என்ற அந்தப் பென்குயின் பிரச்சினையே இல்லை. 1996-இல் அதைக் கிம்ப்பில் வரைந்த லாரி யூயிங் எழுதிவைத்தது ஒரே வரி: பயன்படுத்தலாம், மாற்றலாம், யாராவது கேட்டால் என் பெயரையும் கிம்ப்பையும் சொல்லிவிடு. யாராவது கேட்டால் போதும், அவ்வளவுதான்!

டெபியனுக்கு இரண்டு சின்னம். வெறும் சுருள் எல்லோருக்குமானது, கட்டற்ற உரிமத்தில் இருக்கிறது. ஜாடிக்குள்ளிருந்து சுருள் கிளம்புகிற மாதிரி இன்னொன்று உண்டு. அது திட்டத்தின் அலுவல் உபயோகத்துக்கு மட்டும், அதைத் தொட வேண்டாம். சட்டை, தொப்பி அடிக்க அவர்கள் கொள்கையே அனுமதிக்கிறது, காசுக்கு விற்பதையும் சேர்த்து. விற்றால், விலையில் எவ்வளவு டெபியனுக்கு நன்கொடையாகப் போகிறது என்பதை வாங்குகிறவரிடம் உண்மையாகச் சொல்லுங்கள் என்று பரிந்துரைக்கிறார்கள். ஒன்றும் போகவில்லை என்றால் போவதுபோல் காட்டிக்கொள்ளாதீர்கள்.

நரிக்கு மொசில்லா கொள்கையைப் படித்துவிட்டு, அனுமதி கேட்டு எழுதுங்கள். பதில் வரும்வரை நரி இல்லாத சட்டை.


பாகூர்_வாத்தியார் | ஞாயிறு, காலை 7.40

என் கதையையும் இங்கேயே கேட்டுவிடுகிறேன். பள்ளியில் பழைய கணினிகள் பன்னிரண்டு. உபுண்டு என்ற லினக்ஸ் தொகுப்பை எடுத்து, தேவையில்லாததைக் கழற்றி, தமிழ்99 விசைப்பலகை, எழுத்துருக்கள், ஒன்பதாம் வகுப்புக்குச் சில செய்முறைகள் எல்லாம் போட்டு ஒரு பென் டிரைவில் அடக்கியிருக்கிறேன். பக்கத்துப் பள்ளிகளும் கேட்கின்றன. "உபுண்டு தமிழ்" என்று பெயர் வைத்திருந்தேன். இந்த இழையைப் படித்ததும் ராத்திரி தூக்கம் போச்சு.


லாஸ்பேட்டை_ரூட் | ஞாயிறு, காலை 8.25

தூங்குங்கள் சார், பென் டிரைவ் வெளியே போகவில்லை இல்லையா. உபுண்டுவை வெளியிடும் கனோனிக்கல் கம்பெனியின் கொள்கைப்படி, மாற்றப்பட்ட உபுண்டுவை அந்தப் பெயரில் கொடுக்க அவர்கள் ஒப்புதல் வேண்டும். இல்லையென்றால் பெயர், சின்னம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வேறு வைக்க வேண்டும். தொடக்கத்திரை, பின்புலப் படம், நிறுவியில் வரும் வரவேற்பு வரி, உலாவியின் முகப்புப் பக்கம், இப்படி எதிர்பாராத மூலையில் எல்லாம் சின்னம் ஒளிந்திருக்கும். எனக்கு ஒருமுறை ஒரு நாள் முழுக்கப் பிடித்தது.


பழையபிளாப்பி | ஞாயிறு, காலை 8.50

அந்தக் கொள்கையில் நிரலையும் நீயே திரும்பத் தொகுத்துக்கொள் என்று ஒரு வரி இருந்தது. ஜி.பி.எல். கொடுத்த உரிமையை இது பறிக்கிறதே என்று கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையும் சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சியும் பேசிப் பேசி, 2015-இல் ஒரு வரி சேர்க்கவைத்தார்கள்: உரிமத்தோடு இது மோதினால் உரிமம்தான் நிற்கும் என்று. டிரேட்மார்க் கொள்கையைக் கண்ணை மூடிக்கொண்டு கும்பிடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

வாத்தியார் சார், டெபியனிலிருந்து செய்து பாருங்களேன். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் செய்த பாஸ் லினக்ஸ் டெபியன் மேல் கட்டியதுதான். பெயர் அவர்களுடையது, அடித்தளம் டெபியன் என்பதை மறைக்கவும் இல்லை. அந்த மாதிரி சொந்தமாக ஒரு பெயர் வையுங்கள்.


பாகூர்_வாத்தியார் | ஞாயிறு, காலை 9.30

"ஏரி" என்று வைக்கலாமா? எங்கள் ஊருக்கு அதைவிடப் பெரிய அடையாளம் இல்லை.


மொழிபெயர்ப்பி | ஞாயிறு, காலை 9.34

அருமை. உருபும் அழகாகச் சேரும். ஏரியை நிறுவு, ஏரியில் தேடு, ஏரியிலிருந்து வெளியேறு.


உப்பங்கழி | ஞாயிறு, காலை 9.40

கணினி உறைந்துபோனால் "ஏரி வற்றிவிட்டது".


கெடிலக்கரை | புதன், இரவு 9.15

நிலவரம் சொல்ல வந்தேன். ஞாயிற்றுக்கிழமையே அவர்களுக்குப் பதில் எழுதினேன். முதலில் எழுதிய வரைவில் நான்கு பத்தி கோபம். மேடம் தனிமடலில் பார்த்துவிட்டு, மூன்று பத்தியை அடிக்கச் சொன்னார். மிச்சம் இருந்தது: மையத்தின் பெயரை மாற்றுகிறேன், தொப்பியைக் கழற்றுகிறேன், "அங்கீகாரம்" என்ற சொல்லை எடுக்கிறேன், உங்கள் மென்பொருளைச் சொல்லித்தருவதை எப்படிப் போடட்டும், இணைய முகவரிக்கு எவ்வளவு நாள் கொடுப்பீர்கள்.

நேற்றுப் பதில். "இன்ன மென்பொருளில் பயிற்சி" என்று தாராளமாகப் போடலாமாம், அதற்கு அனுமதியே கேட்கத் தேவையில்லையாம். சின்னத்தை மாற்றாமல், என் பெயரைவிடச் சிறியதாக, ஓர் ஓரத்தில் வைக்கலாமாம். கீழே "இந்த மையத்துக்கும் அந்தக் குழுவுக்கும் தொடர்பில்லை" என்று ஒரு வரி. பழைய இணைய முகவரியை ஆறு மாதம் புதிய முகவரிக்குத் திருப்பிவிட்டு, அப்புறம் விட்டுவிடலாம். ஐந்நூறு நோட்டீஸைப் பற்றிக் கேட்டிருந்தேன். தீரும்வரை கொடுத்துக்கொள்ளுங்கள், மறுபடி அச்சடிக்காதீர்கள் என்கிறார்கள். கடைசியில் பிள்ளைகள் வரைந்த படங்கள் இருந்தால் அனுப்புங்கள், எங்கள் பக்கத்தில் போடுகிறோம் என்று ஒரு வரி. பிளாப்பி அண்ணே, உங்கள் நன்றிக் கடிதம் கிட்டத்தட்ட வந்துவிட்டது.

பிள்ளைகளிடம் சொன்னேன். தொப்பியைக் கழற்றுவதில்தான் அவர்களுக்கு வருத்தம். அதை என் சொந்தச் சின்னத்துக்கு மாட்டிவிட்டோம். ஒரு நாரைத் தலையில் இருக்கிறது இப்போது.


பழையபிளாப்பி | புதன், இரவு 9.40

பரவாயில்லை, மனிதர்கள்தான். ஆனால் அந்த மின்னஞ்சலைப் பத்திரமாக வைத்துக்கொள். நாளைக்கு அந்தப் பெயர் வேறு யார் கைக்காவது போனால், இன்றைக்குச் சொன்னதை எழுத்தில் காட்ட வேண்டும். அச்செடுத்துக் கோப்பில் போடு.


கறுப்புக்கோட்டு | புதன், இரவு 9.52

சார் சொன்னதை நான் சொல்ல மறந்துவிட்டேன். அப்படியே செய்யுங்கள்.


அச்சுமை | வியாழன், காலை 10.20

போர்டு வேலையை நான் பார்க்கிறேன். போர்டுச் சட்டகத்தை மாற்ற வேண்டாம், உள்ளே இருக்கும் லைட்டும் நன்றாக இருக்கிறது. முகத் துணியை மட்டும் மாற்றினால் போதும். எழுத்தை வாட்ஸாப்பில் அனுப்புங்கள், சனிக்கிழமை வந்து மாட்டித் தருகிறேன்.


கெடிலக்கரை | சனி, மாலை 6.05

மாட்டியாச்சு. இந்த முறை முகவரியை மறைத்துப் படமே போடுகிறேன். "கெடிலம் வரைகலைப் பயிற்ச்சி மையம்". கீழே வலது ஓரத்தில் அவர்கள் சின்னம், தொப்பி இல்லாமல். அதன் கீழே அந்தத் தொடர்பில்லை வரி. எதிர்த்த டீக்கடையிலிருந்து பார்த்தாலும் படிக்க முடிகிறது. எப்படி இருக்கிறது?


மொழிபெயர்ப்பி | சனி, மாலை 6.09

ரொம்ப நன்றாக இருக்கிறது. ஆனால் "பயிற்ச்சி" என்று இருக்கிறதே.


கெடிலக்கரை | சனி, மாலை 6.11

ஐயோ.


அச்சுமை | சனி, மாலை 6.30

அண்ணா, நீங்கள் வாட்ஸாப்பில் அனுப்பியதே அப்படித்தான். அந்தக் கறுப்பு டேப் மிச்சம் இருக்கிறதா?